காலியாகாத கிண்ணம்

"குடிடா! இன்னும் எவ்வளவு நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டு இருப்ப?" என்று கத்தினான் மெனெக்ளெஸ்.

ஏதென்ஸ் சிறையின் கல் மேடையில் விஷக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த தெரோன், "குடிக்கத்தான் முடியலையே" என்றான்.

தெய்வ நிந்தனை என்று வழக்குப் போட்டு அவனுக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்ததே மெனெக்ளெஸ்தான். உண்மைக் காரணம் வேறு. சந்தையில் ஊரார் முன்னால் தெரோன் அவனை வாதத்தில் மடக்கி வாயடைக்க வைத்துவிட்டான். அன்றைய சிரிப்பு இன்னும் அவன் காதைச் சுட்டது.

நாளை விடிந்ததும் டீலோஸ் தீவுக்குப் போகும் கோயில் கப்பலுக்கு மாலை போட்டுவிடுவார்கள். மாலை விழுந்துவிட்டால், அது திரும்பி வரும்வரை ஊரில் யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. அதற்குள் இவன் செத்தாக வேண்டும்.

"ஏன் முடியலை?"

"முதல்ல பாதி குடிக்கணும். அப்புறம் மிச்சத்துல பாதி. அப்புறம் அதுல பாதி. எத்தனை தடவை குடிச்சாலும் ஒரு பாதி மிஞ்சிக்கிட்டே இருக்கும். முடிவே இல்லாத வேலையை முடின்னா எப்படி?"

"பாதி பாதியா எவன்டா குடிக்கச் சொன்னான்? ஒரே மடக்குல குடி!"

"ஒரே மடக்குன்னாலும், முழுசும் இறங்கறதுக்கு முன்னாடி பாதி இறங்கணுமே?"

வாசலில் நின்ற காவலன் சிமோன் களுக்கென்று சிரித்துவிட்டான். மெனெக்ளெஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன இளிப்பு? பிடிச்சு அவன் வாயில ஊத்து!"

"பொழுது சாயற வரைக்கும் அவர் மேல கை வைக்கக் கூடாதுங்க, சட்டம். சாஞ்சதும் நானே ஊத்திடறேன்."

கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். ஆனால் எதிராளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்த ஏதென்ஸ்காரனால் இருக்க முடியும்?

"தினம் நான் மதுக் கிண்ணத்தைக் காலி பண்றேனே, அது எப்படி?"

"காலியானதா நினைச்சுக்கிற. அன்னைக்குச் சந்தையிலயும் இதையேதான் சொன்ன. நிரூபின்னதும் திருதிருன்னு முழிச்ச. இன்னைக்கும் முழிக்கிற, பாவம்."

"யாருடா முழிக்கிறான்?"

மெனெக்ளெஸ் பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கி அப்படியே கவிழ்த்தான். விஷம் தரையில் கொட்டி, கல் இடுக்குகளில் இறங்கியது.

"பார்றா! ஒரு நொடியில காலி! எங்கடா உன் பாதி? பதில் சொல்லு!"

தெரோன் கிண்ணத்தை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "நீ ஜெயிச்சுட்ட. நான் தோத்துட்டேன்."

மெனெக்ளெஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான். "கேட்டியா சிமோன்? ஊர் பூரா போய்ச் சொல்லு! சரி, இன்னொரு கிண்ணம் கொண்டா."

"ஒரு ஆளுக்கு ஒரு கிண்ணம்தாங்க அரைப்போம்," என்றான் சிமோன். "அந்த விஷச் செடி இனிமே நாளைக்கு மத்தியானம்தான் வரும்."