பொதுப் பிரிண்டர்

காராகோல் நகரத்தில் எங்கள் வீட்டுக் கணினிகள் எல்லாமே லினக்ஸ்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பிரிண்டரை இணைத்தேன். சோதனைப் பக்கம் அனுப்புவதற்கு முன்பே திரையில் ஏதோ ஒன்று அச்சுக்காகக் காத்திருந்தது.

"நீங்க ஏதாவது அனுப்பினீங்களா?"

அடுத்த அறையில் என் கணவர் தாலாய் சிரித்தார். "என் கம்ப்யூட்டர் இன்னும் ஆன்கூட ஆகலை, மேதாவி. அனுப்பினவன் பேரு இருக்கும்ல, படி."

நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. என் மௌனத்திலேயே தாலாய்க்குப் புரிந்துவிட்டது. மாமனாரைப் போன குளிர்காலத்தில் அடக்கம் செய்தோம். அவருடைய கணினி வயரில்லாமல் பரண்மேல் கிடக்கிறது.

"அழிச்சுடு."

"மாமா அனுப்பினதை நான் எப்படிங்க அழிக்கிறது?"

அதற்குள் தாள் வந்துவிட்டது. ஒரே ஒரு வரி: 'மருமகளே, டீ எங்கே?'

தாலாய் வந்து படித்தார். குரல் இறங்கிவிட்டது. "ஊத்தி வை. ஆனா விளிம்பு வரைக்கும் ஊத்து."

எங்கள் ஊரில் டீக் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால், இனி கிளம்பலாம் என்று பொருள். குறைவாக ஊற்றினால், இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன் என்று பொருள்.

மாமனார் உட்காரும் இடத்தில் கிண்ணத்தை வைத்த பிறகுதான் கவனித்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஊற்றிய கை. பழக்கத்தில் பாதியோடு நிறுத்தியிருந்தது.

பின்னால் பிரிண்டர் அடுத்த தாளை உள்ளே இழுத்தது.