இருட்டாத ஊர்

“நீ போயி ஆடு ஜெயக்கொடி. நான் இங்கன உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அவள் எழுந்திருக்கவில்லை.

“தெரியுதாங்க?” என்று காதோரம் கேட்டாள்.

“ஏன் தெரியாம? எல்லாம் பளிச்சுனு தெரியுது. போ.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பாமல் எப்படி இருப்பது?

பெயின்ட் கம்பெனி தன் டீலர்களைச் சம்சாரத்தோடு சீனக் கடலோர ஊரான மக்காவுக்குக் கூட்டிவந்திருந்தது. மொத்தமே இரண்டு நாள். மெட்ராஸ்காரக் கைடு ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டு மந்தையை ஓட்டுவதுபோல் எல்லோரையும் ஓட்டினான். முன்சுவர் மட்டும் மிஞ்சிய தேவாலயம், கோபுரம், கடற்கரை, சூதாட்ட விடுதிகள். எதையும் நின்று பார்க்க விடவில்லை. கோவில்பட்டி டீலரின் மனைவி சந்திரா மட்டும் பஸ் நின்ற இடத்திலெல்லாம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

அவருக்கு மாலைக்கண்.

அது அவர்கள் ஊரான அருப்புக்கோட்டையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பொழுது சாயும் முன் பெயின்ட் கடையைச் சாத்திவிடுவார். தவசிலிங்கம் அண்ணாச்சிக்குப் பொண்டாட்டி முகத்தைப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்று பஜாரே கேலி பேசும். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். இரண்டாம் ஆட்டம் சினிமா கிடையாது. பொங்கல் திருவிழாக் கச்சேரி கிடையாது. தட்ட முடியாத கல்யாண வீடு என்றால், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘படி’, ‘பள்ளம்’ என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே நடப்பாள்.

நேற்று இருட்டிய பிறகு பஸ்ஸை விட்டு இறங்கியதும் வழக்கம்போல் கையை நீட்டினாள்.

அவர் பிடிக்கவில்லை.

அடேயப்பா, அது என்ன வெளிச்சம்! தெரு, சுவர், தரை என்று பாக்கி வைக்காமல் எரிந்தது. விடுதிக்குள் போனால் ஊசி விழுந்தாலும் எடுத்துவிடலாம். அவர் முன்னால் நடந்தார். படியில் தனியாக ஏறினார். ஒரு விடுதியில் கூரை முழுக்க நீல வானத்தை வரைந்து வைத்திருந்தார்கள். அதன் அடியில் போய் நின்று, இங்கே எப்போது இருட்டும் என்று கைடிடம் கேட்டார்.

“இங்க இருட்டவே இருட்டாது சார்.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மேலும் கீழுமாகப் பார்த்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில், ராத்திரி வேளையில் வீட்டுக்கு வெளியே அவளை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மனுஷன் சின்னப் பிள்ளையாகிப் போனார்.

இன்று கடைசி ராத்திரி. கம்பெனி விருந்து, அது முடிந்ததும் பாட்டும் ஆட்டமும். அவளுக்கு ஆட்டம் என்றால் உயிர். அடுப்படியில் ரேடியோ பாடினால் கரண்டியும் கையுமாக ஆடுவாள். அதை அவர் மட்டும்தான் பார்த்திருக்கிறார். நாலு பேரோடு சேர்ந்து ஒரே ஒரு தடவை ஆடிவிட வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கு அது தெரியும்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் விளக்கை அணைத்துவிட்டார்கள். பச்சையும் சிவப்புமாகப் பொட்டு வெளிச்சங்கள் மட்டும் சுவரில் ஓடின. அப்போதுதான் அவர் அவளைப் போய் ஆடச் சொன்னார்.

“ஜெயக்கா, வாங்கக்கா!” சந்திரா கையைப் பிடித்து இழுத்தாள்.

போனாள்.

நாலு எட்டு வைத்திருப்பாள். பழக்கதோஷம், திரும்பி அவருக்குக் கையை ஆட்டினாள்.

அவர் ஆட்டவில்லை.

அவர் முகம் ஸ்பீக்கர் பெட்டி இருந்த பக்கம் திரும்பியிருந்தது. பாட்டு அங்கிருந்து வந்தது. ஆட்டம் அங்கே இல்லை. அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

அந்தச் சுவரைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். கைகூடத் தட்டினார்.

பாவி மனுஷன்!

சந்திராவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தால் அவருடைய பொய் தெரிந்துபோனது அவருக்குத் தெரிந்துவிடும். நேற்றிலிருந்து நிமிர்ந்து நடந்த நடையெல்லாம் அதோடு போய்விடும். சரி, ஆடலாம் என்றால் கால் எழவில்லை.

அவர் மேசைக்குப் பக்கத்துத் தூணோரம் வந்து நின்றாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்.

பாட்டு முடியும்வரை அவர் சுவரைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். நடுவில் தண்ணீர் டம்ளரைத் தேடி அவர் விரல்கள் மேசையில் தடவித் தடவிப் போயின. அவள் சத்தமில்லாமல் அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். எடுத்துக் குடித்தார்.

பாட்டு முடிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆடிக் களைத்தவள்போல் மூச்சு வாங்கியபடி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பாத்தீங்களா?”

“பாத்தேனே! கண்ணெடுக்காமப் பாத்தேன். நல்லாத்தான் ஆடுன. அந்தக் கோவில்பட்டிப் புள்ள உம் பக்கத்துல நிக்க முடியல.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தோளால் அவரை ஓர் இடி இடித்தாள். இந்த ஆளைக் கட்டிக்கொண்டதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

“இன்னொரு பாட்டுக்கு ஆடிட்டு வரட்டா?”

“போ, போ. ஆசை தீர ஆடு.”

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

இந்தத் தடவை ஆடினாள்.