விருந்தாளிக்கும் பிடித்தம்

"சோப்புக்குக்கூடவா அட்வான்ஸ்ல பிடிப்பீங்க, வீட்டுக்காரம்மா? உங்களுக்கே இது அநியாயமா தெரியல?"

அறை பார்ப்பதற்காக ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க வந்த லோக் யீயை வரவேற்றது இந்தக் குரல்தான். இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. கூடத்தில் இரண்டு பெட்டிகள், கயிறு கட்டிய ஒரு மின்விசிறி, நடுவில் வியர்த்து வழிய நின்றிருந்த வழுக்கைத் தலை மனிதர். அவருக்கு எதிரே இடுப்பில் கை வைத்தபடி வீட்டுக்காரம்மா யுங்.

"போன் பண்ணின பொண்ணுதானே? செருப்பை வெளியில விட்டுட்டு வா. இவர் மிஸ்டர் பூன். அறையைக் காலி பண்றார். இவர் கணக்கை முடிச்சிட்டு உனக்குக் காட்டுறேன்."

லோக் யீ கதவோரமாக ஒதுங்கி நின்றாள். திறந்திருந்த அறைக்குள் ஜன்னல் தெரிந்தது. நிஜமான ஜன்னல்! ஹாங்காங்கின் கவ்லூன் பகுதி முழுக்க அலைந்ததில் அவள் சம்பளத்துக்குள் ஜன்னலோடு வந்த அறை இது ஒன்றுதான். எப்படியாவது இதைப் பிடித்துவிட வேண்டும்.

"ஒரு ஆளுக்குன்னு சொல்லித்தானே விட்டேன்?" என்றாள் யுங். "ரெண்டு பேர் குளிச்சா சோப்பு கரையாதா? வெந்நீர் சும்மா வருதா?"

"எப்பவோ ஒரு விருந்தாளி வந்ததுக்கு..."

"எப்பவோவா? குளியலறை வடிகால்ல அடைச்சிருந்த முடியை என் கையால எடுத்தேன், மிஸ்டர் பூன். முழ நீளத்துக்கு முடி! அது உங்க தலையில முளைச்சதா?"

பூனின் கை தானாக வழுக்கையைத் தடவியது. லோக் யீ சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சரி, அந்த உடைஞ்ச கண்ணாடி? அதை ஏன் என் தலையில கட்டுறீங்க? டம்ளரை எறிஞ்சது நீங்கதானே?"

"ஆமா, நான்தான் எறிஞ்சேன். குறி தப்பிடுச்சு. அந்த வருத்தத்துக்கும் சேர்த்துத்தான் பிடிக்கிறேன்."

லோக் யீக்குச் சிரிப்பு மறைந்துவிட்டது. குடியிருக்கிறவர் மேல் டம்ளரை எறிகிற வீட்டுக்காரியா!

"அப்புறம் அடுப்படி. கருவாடு வறுத்து வறுத்துச் சுவரெல்லாம் பிசுக்கு. அந்த நாத்தம் எனக்கு ஆகாது."

"ஆகாதுன்னு தெரிஞ்சுதானே ஜன்னலைத் திறந்து வெச்சு வறுத்தேன்?"

"தெரிஞ்சும் வறுத்தீங்க பாருங்க, அதுக்குத்தான் பிடித்தம்."

பூன் சட்டென்று லோக் யீ பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா, இது நியாயமா? நாளைக்கு உனக்கும் இதே கதிதான். இவங்க சூப் கொதிக்க வெச்சிருந்தா, நாம அடுப்படிப் பக்கம் தலைகூடக் காட்ட முடியாது."

"வெளியாள்கிட்டப் போய் நியாயம் கேக்குறியா நீ?" யுங்கின் குரல் உயர்ந்தது. 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை லோக் யீ கவனித்தாள். "வெக்கமா இல்ல? இந்தா, மிச்சம் இவ்வளவுதான். எடுத்துட்டுக் கிளம்பு!"

மேஜையில் விழுந்த உறை மெலிந்திருந்தது. பூன் அதைப் பிரித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. கொடுத்த அட்வான்ஸில் பாதிகூட இல்லை.

லோக் யீக்கு நெஞ்சு கொதித்தது. முன்பு குடியிருந்த இடத்திலும் இப்படித்தான். சுவர் பெயிண்ட், கதவுக் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லியே அவளுடைய அட்வான்ஸை முழுசாக விழுங்கினான் அந்த வீட்டுக்காரன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு படியிறங்கி வந்தவள்தான் அவள். தெருவுக்கு வந்து அழுதாள்.

இன்றைக்கு வாயைத் திறந்தால் ஜன்னல் போய்விடும். போகட்டும்.

"ஆன்ட்டி, நீங்க பண்றது பகல் கொள்ளை!"

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"கண்ணாடியை நீங்களே உடைச்சிட்டு அவர்கிட்ட வசூல் பண்றீங்க. சோப்பு கரைஞ்சதாம், கருவாடு நாறுச்சாம்! வாடகை கொடுக்குற மனுஷன் தனக்குப் பிடிச்சதை வறுத்துத் தின்னக் கூடாதா?"

"இங்க பாரு பொண்ணே, உனக்கு விஷயம்..."

"எல்லாம் தெரியும். இந்த மாதிரி வீட்டுக்காரங்களை நிறையப் பாத்தாச்சு! அவர் ஒரு விருந்தாளியைக் கூட்டிட்டு வந்தா உங்களுக்கென்ன? வந்தது பொம்பளையாவே இருக்கட்டும், அவர் என்ன சின்னப் பையனா? அறையைத்தானே வாடகைக்கு விட்டீங்க? அவரையே விலைக்கு வாங்கின மாதிரி பேசுறீங்க?"

"விடும்மா, விடு." பூன் அவசர அவசரமாக உறையைச் சட்டைப்பையில் திணித்தார். "எனக்கு நேரமாச்சு. கிடைச்சவரைக்கும் போதும்."

"ஏன் சார் பயப்படுறீங்க? முழு அட்வான்ஸையும் வாங்காம இந்த இடத்தை விட்டு நகராதீங்க. நான் சாட்சி சொல்றேன்!"

பூன் ஒரு கையில் மின்விசிறியை எடுத்துக்கொண்டார். இரண்டு பெட்டிகளையும் மறு கையில் தூக்கப் பார்த்தார். ஒன்று நழுவி விழுந்தது. யுங் அதைக் காலால் வாசலுக்குத் தள்ளிவிட்டாள்.

"நீ நல்லாக் கேட்டேம்மா. உன்னை மாதிரி கேக்குறதுக்கு அன்னைக்கு எனக்கு யாருமில்ல," என்றாள் லோக் யீயிடம். "இந்த ஆளு ரெண்டு வருஷமாத்தான் எனக்குக் குடித்தனக்காரன். அதுக்கு முன்னாடி பத்தொன்பது வருஷம் புருஷன். விவாகரத்து ஆனதும் போக்கிடம் இல்லேன்னு அழுதான், பாவம்னு அந்த அறையைக் கொடுத்தேன். எவளால விவாகரத்து ஆச்சோ, அவளையே கூட்டிட்டு வந்து, 'விருந்தாளி'ங்கறான்!"