முள்ளின் உறை

"குட்டி வெளிய வரும்போது அந்த முள்ளு அம்மாவ குத்தாதா சித்தி?"

சிட்டு அதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. மேசை விளிம்பில் மோவாயை முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஜாடிக்குள் முள் வாலைச் சுருட்டிக் கிடந்த திருக்கை மீனைப் பார்த்தபடி கேட்டாள்.

சித்தி ஜாடியைத் திருப்பி அந்த முள்ளைப் பார்த்தாள்.

அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்களெல்லாம் மாடியில் இருந்தார்கள். சித்திக்கு, படியிறங்கிப் போக வேண்டிய கீழ்த்தளம். படிப்பைப் பாதியில் விட்டவள். செத்த உயிர்கள் கெடாமலிருக்க ஊற்றி வைத்த சாராயம் குறைந்தால், அந்த ஜாடியில் சாராயம் ஊற்றுவாள். எழுத்து மங்கிய சீட்டை எடுத்துவிட்டுப் புதுச்சீட்டு எழுதிப் போடுவாள். "காலையிலயே சாராய வாடையோட சுத்துற ஒரே ஆளு நீதாம்மா" என்று வாசல் காவலாளி தினமும் சொல்வார். தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

அன்று கூச்சத்தை விட்டு மாடியேறிப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.

குத்தாதாம். பிறக்கும்போது முள்ளின்மேல் மெத்தென்று ஒரு உறை இருக்குமாம். தாயின் வயிற்றை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது கழன்று விழுமாம்.

"அப்ப நல்ல குட்டி" என்று சிட்டு தீர்ப்புச் சொன்னாள்.

அதன்பிறகு பள்ளி விடுமுறை என்றால் அக்கா வீட்டிலிருந்து சிட்டு நேராகக் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுவாள். கேட்டுக் கேட்டே சித்தியின் உயிரை வாங்கினாள். அவளுக்காகவே சித்தி மாடிக்கும் கீழுக்குமாக நடந்து கற்றுக்கொண்டாள்.

திருக்கைக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. சுறாவுக்குப் பங்காளி. அச்சில் வார்த்தது போல அதே தட்டை உடம்போடு இன்னொரு வகை உண்டு. அது முட்டையைக் கடலில் போட்டுவிட்டுப் போய்விடும். திருக்கை அப்படியில்லை. வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மஞ்சள் கரு தீர்ந்தால் கருப்பையே பால் சுரந்து ஊட்டும்.

ஆனால் குட்டியை வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டால் அது எந்தத் தாயுடையது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அதற்காகவே ஒரு விதி. தாய் 412 என்றால் குட்டி 412-அ. குட்டியை எந்த ஊருக்கு அனுப்பினாலும் சீட்டை நூலால் கட்டிக் கூடவே அனுப்ப வேண்டும். பென்சிலில்தான் எழுத வேண்டும். சாராயத்தில் மை கரைந்துவிடும். பென்சில் கரையாது.

சித்தியின் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஊழியர் எண் 27 என்று போட்டிருந்தது.

"உனக்கும் நம்பர் போட்டுட்டாங்களே! உன்ன எந்த ஜாடியில போடுவாங்க?"

"என் அளவுக்கு ஜாடி கிடைக்கலடி. அதான் வெளிய விட்டு வெச்சிருக்காங்க."

சிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது அவளுக்குப் பதினேழு.

நாளைக் காலை விமானம். அக்கா, மாமா, சிட்டு மூன்று பேரும் வேறு நாட்டுக்குக் குடிபோகிறார்கள். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. விசாவுக்காக ஒரு மாதமாக அக்கா வீட்டில் பழைய காகிதங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பீரோவின் அடித்தட்டில் கிடந்த, சிட்டு பிறந்த காலத்துக் காகிதங்கள் வரை அவளே கவிழ்த்துப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

போவதற்குள் சிட்டு ஒருதரம் இங்கே வர வேண்டும் என்பதுதான் சித்தியின் ஆசை. அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சாகிற வரை சொல்ல மாட்டேன் என்று அக்காவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்ததும் அதைத்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாயைத் திறந்து ஒத்திகை பார்த்தாள்.

மதியம் சிட்டு வந்தாள்.

வழக்கமாக வாசலில் காவலாளியோடு ஒரு வம்பு, உள்ளே வந்ததும் ஜாடிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு வணக்கம். இன்று ஒன்றுமில்லை. எதிர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

412-க்கு அன்றுதான் சாராயம் மாற்ற வேண்டியிருந்தது. தாய்த் திருக்கை ஒரு தட்டில் கிடந்தது. உள்ளங்கை அகலக் குட்டி பக்கத்துத் தட்டில் கிடந்தது.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

சிட்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஸ்வெட்டர் எடுத்து வெச்சியா? அங்க குளிராமே."

சொல்ல நினைத்தது அதுவல்ல. வாயில் வந்தது அதுதான்.

சிட்டு சித்தியின் கழுத்தில் தொங்கிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சட்டைப்பையில் பேனா இருந்தது. அதைத் தொடவில்லை. எட்டி, சித்தியின் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து, எதையோ எழுதி, துளையில் நூலைக் கோத்தாள்.

பழக்கதோஷத்தில் ஒத்தாசை செய்கிறாள் என்று சித்தி நினைத்தாள். இடுக்கியால் குட்டியைத் தூக்கி, கட்டுவதற்கு வசதியாக வாலை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

சிட்டு சீட்டைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். ஒற்றைக் கையால் முடிச்சு விழவில்லை. பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். பிறகு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள்.

சித்தி ஈரக் கையாலேயே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

27-அ.

இடுக்கியிலிருந்து குட்டி நழுவித் தட்டில் விழுந்தது.

சிட்டு பென்சிலைத் திரும்பவும் அந்தக் கொண்டையில், எடுத்த இடத்திலேயே செருகினாள். முழுக்கைச் சட்டையை இழுத்து, சீட்டு வெளியே தெரியாதபடி மூடி, பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

படியேறிப் போய்விட்டாள்.