வெள்ளிக் கண்

"ஒரே ஒரு கையெழுத்துதானே கேக்கேன், மகாராஜா! உன் சொத்தையா எழுதி வைக்கச் சொல்லுதேன்?"

ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று சந்தனச்செல்வி கத்தினாள். மகாராஜன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் கொண்டுவந்த மனுவைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான் போட முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா விடுங்களேன்."

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஒரே மகன் செந்தில்முருகன். வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனவன். கூட வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், அந்த நாட்டு மதச் சடங்கு ஒன்றைப் பற்றி, 'இது என்ன நியாயம்?' என்று கேட்டுத் தொலைத்துவிட்டான். மதத்தை இழிவுபடுத்தினானாம். மூன்று வார்த்தைக்கு மூன்று வருஷம் ஜெயில்.

கருணை மனு அனுப்பிப் பார்க்கலாம், 'நல்ல பையன்' என்று ஊரில் நூறு பேராவது கையெழுத்துப் போட்டால் நல்லது என்று வக்கீல் விஜிலா சொல்லியிருந்தாள். சந்தனச்செல்வி உப்பளத்து வேலையைப் போட்டுவிட்டு நாலு நாளாகத் தெருத் தெருவாக அலைந்தாள். ஊரும் தங்கமான ஊர். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட ஒருத்தரும் கேட்கவில்லை. பேனாவை வாங்கினார்கள், பேரும் கதவு நம்பரும் எழுதினார்கள், கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டது.

நூறாவதுக்கு இவன் மாட்டேன் என்கிறான். இவன் என்ன யோக்கியனா? அம்மனைப் பழித்து ஃபேஸ்புக்கில் எழுதிக் கேஸ் வாங்கினவன். கேஸ் உள்ளவனுக்குப் போலீஸ் சான்று கிடைக்கவில்லை; சான்று இல்லாமல் ஹார்பருக்குள் போகப் பாஸும் இல்லை. அங்கே பார்த்த நல்ல வேலை போய், இப்போது இந்த மிஷினோடு மல்லுக்கட்டுகிறான். அந்த வயிற்றெரிச்சலை என் பிள்ளை மேலயா காட்டணும்?

"சாமியையே பழிச்சவனுக்கு எரக்கம் எங்கன இருக்கும்? ஏலே, நீ நல்லா இருப்பியாலே?"

குனிந்தாள். இரண்டு கையாலும் தெரு மண்ணை அள்ளி அவன் வாசலில் தூற்றினாள்.

"நாசமாப் போவ!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "பெத்தவ வயித்தெரிச்சல் சும்மா விடாதுப்பா" என்றார் ஒருவர், மகாராஜனுக்குக் கேட்கும்படியாகவே.

மகாராஜன் மிஷின் மேல் விழுந்த மண்ணைத் துணியால் துடைத்தான். பிரதிகளைப் பின் அடித்துக் கவரில் போட்டு நீட்டினான்.

"சீக்கிரம் போங்கக்கா. வக்கீலம்மா கோர்ட்டுக்குக் கெளம்பிருவாவ."

வக்கீல் ஆபீசுக்குள் நுழையும்போதும் சந்தனச்செல்விக்கு மூச்சு வாங்கியது.

"தொண்ணூத்தொம்பதுதான் வக்கீலம்மா. அந்த மகாராஜன் பய போட மாட்டேன்னுட்டான்."

விஜிலா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"அக்கா, இந்த மனுவை இங்கிலீஷ்ல எழுதினது யாருன்னு நெனைச்சீங்க?"

"நீங்கதானே?"

"மகாராஜன். இந்த மாதிரிக் கேஸ்ல மாட்டினவங்க ஒவ்வொரு நாட்டுலயும் எப்படி வெளிய வந்தாங்கன்னு தேடித் தேடிப் படிச்சு, ஒரு மாசமா எழுதினாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

"அப்ப ஒரு கையெழுத்துப் போட்டா என்னவாம்?"

"ஒவ்வொரு பேரையும் அந்த நாட்டுக்காரங்க விசாரிப்பாங்க. இவரு பேரை விசாரிச்சா, சாமியைப் பழிச்ச கேஸ்னு வரும். சேர்க்கையே சரியில்லன்னு செந்திலை இன்னும் இறுக்குவாங்க. அதுக்குப் பயந்துதான் போடல."

சந்தனச்செல்வி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நகக்கண்ணில் இன்னும் தெரு மண் இருந்தது.

"அப்படி என்னதாம்மா எழுதினான் அவன்?"

மகாராஜன் கேஸும் விஜிலாவிடம்தான் இருந்தது. அந்த ஃபைலைத் திறந்து வாசித்தாள்.

"'அம்மனுக்கு வெள்ளிக் கண் சாத்துறதை ஒரு வருஷம் நிறுத்துவோம். உப்பளத்து வெயில்ல கண்ணு கெட்டவங்களுக்கு ஆபரேஷன் பண்ணுவோம். கல்லுக்கு எதுக்குக் கண்ணு?' இவ்வளவுதான்."

இருபது வருஷம் உப்பு வாரினவள் சந்தனச்செல்வி. வெள்ளை வெளேரென்ற அந்தப் பாத்தியைப் பார்த்துப் பார்த்தே இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. வாய்விட்டு அழுதாள்.

"எனக்காகல்லா பேசியிருக்கான்! இதுக்குப் போயி ஒருத்தன் பொழைப்பைக் கெடுப்பாங்களா? யாரும்மா அந்தப் புகார் குடுத்தது?"

"விட்டுருங்கக்கா."

"விட மாட்டேன். அவன் வாசல்ல தூத்துன மண்ணை அவங்க வாசல்லயும் தூத்துனாத்தான் எனக்கு மனசு ஆறும். கதவு நம்பரைச் சொல்லுங்க!"

விஜிலா ஃபைலை மூடப் போனாள். சந்தனச்செல்வி விடவில்லை. வெடுக்கென்று இழுத்துப் புகாரின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். மகாராஜன் தன் கடையிலேயே எடுத்துக் கொடுத்த பிரதி அது. வரிசையாகப் பேர்கள், கதவு நம்பர்கள், கையெழுத்துகள்.

"போன வருஷம் அம்மன் கோயில் கொடை அன்னைக்கு, அன்னதான வரிசையில நின்னவங்ககிட்ட வாங்கினது" என்றாள் விஜிலா, எங்கோ பார்த்துக்கொண்டு. "பாதிப் பேரு என்னன்னு படிச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க."

சந்தனச்செல்வி காகிதத்தை வலது கண்ணுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு பேராக விரல் வைத்து இறங்கினாள்.

பதினாலாவது பேரில் விரல் நின்றது. அவள் பேர், அவள் கையெழுத்து, அவள் வீட்டுக் கதவு நம்பர்.