நாலு நல்ல வார்த்தை

"புகைக்கா பதவி உயர்வு?"

இஸ்திரிப் பிரிவே வேலையை விட்டுவிட்டு அறிவிப்புப் பலகை முன்னால் நின்றது. அந்த ஓட்டலின் சலவைக்கூடத்துக்குப் புது சூப்பர்வைசர், சாட்சாத் புகையேதான்! அவன் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் துணியிலிருந்து புகை வரும். அதனால் வந்த பட்டப்பெயர்.

எல்லாரும் பிரிவுத் தலைவியைப் பார்த்தார்கள். பதினாலு வருஷ அனுபவம். அவள் கைபட்டுப் போன சட்டையில் ஒரு சுருக்கம் இருந்ததில்லை. எல்லாருக்கும் அவள் அக்கா.

"அந்த நாற்காலி உங்களுக்கு வரவேண்டியதாச்சே அக்கா!"

"மாப்பிள்ளை கோட்டு முதுகுல முக்கோணம் போட்டவனுக்கா?"

"விடுங்கடி" என்றாள் அக்கா. ஆனால் அவள் விடவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், அவனுக்குப் பட்டுக்கும் பருத்திக்கும் வித்தியாசம் தெரியாது. எங்க பிரிவுல இருந்த ஆறே மாசத்துல ஒன்பது திரைச்சீலை காலி. எதைப் பார்த்து இப்படித் தூக்கி விட்டீங்க?"

"உட்காருங்கம்மா. நான் புதுசா வந்தவன். கூட வேலை பார்த்தவங்க சொல்றதைத்தானே நம்பணும்?"

மேனேஜர் ஒரு கோப்பைப் பிரித்துப் படித்தார்.

"'தங்கமான உழைப்பாளி. இவருடைய திறமைக்கு எங்கள் பிரிவு போதாது. பெரிய பொறுப்புக்குத் தகுதியானவர்.'"

"எந்தப் புண்ணியவான் சார் இப்படி வாய் கூசாம எழுதினது?"

மேனேஜர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். கீழே அவளுடைய கையெழுத்து.

ஒன்பதாவது திரைச்சீலை கருகின அன்று, இவன் எங்கேயாவது தொலைந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தது. அவனை வெளுப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவளும் மறந்துபோனாள்.

"வெளுப்புப் பிரிவுத் தலைவரும் இதையேதான் எழுதியிருக்கார். இன்னும் கொஞ்சம் தூக்கலா."

அக்கா தேதியைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பெல்லாம் ரோஸ் கலரான மறுநாள்.

மெல்ல எழுந்தாள். "அப்ப எனக்கு எப்ப சார்?"

"உங்களைப் பத்திப் புது சூப்பர்வைசர் காலையில வந்ததும் வராததுமா எழுதிக் கொடுத்துட்டார். நீங்க செஞ்ச உதவியை அவர் மறக்கலைம்மா."

அவள் முகம் மலர்ந்தது. என்ன இருந்தாலும் நன்றியுள்ள பிள்ளை! ஆசையாக வாங்கிப் படித்தாள்.

'அக்கா இல்லாவிட்டால் இஸ்திரிப் பிரிவு ஒருநாள்கூட ஓடாது. அவருக்கு இணையாக இன்னொருவர் கிடைக்க மாட்டார். ஆகையால், ஓய்வு பெறும்வரை அவரை அங்கிருந்து அசைக்க வேண்டாம்.'

மறுக்க ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி படித்தாள்.

இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.