தோல் மட்டும்

"இன்னைக்கும் தோலா?"

தட்டைப் பார்த்ததுமே முருகவேல் குரலை உயர்த்தினான். சோற்றுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு துவையல் உருண்டை. ஓரத்தில் காலிஃபிளவர் தண்டுப் பொரியல்.

"சௌசௌ தோலுங்க. உளுத்தம்பருப்பு, காஞ்ச மொளகா, புளி வெச்சு அரைச்சேன். சாப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றாள் அருணாதேவி.

"முந்தாநாள் வாழக்கா தோலு. நேத்து பீர்க்கங்கா தோலு. நான் என்ன மனுசனா, ஆடா?"

"ஆசிரமம் பக்கம் கஃபேல இதையேதான் வெள்ளக்காரங்க போட்டோ புடிச்சிட்டுச் சாப்பிடறாங்களாம். உங்களுக்குத்தான் எறங்க மாட்டேங்குது."

முருகவேல் வேண்டுமென்றேதான் கத்தினான். வேலைக்குப் போய் வருகிற ஆம்பளை சாப்பாட்டில் குறை சொல்லாமல் இருப்பானா? போட்டதைப் பேசாமல் தின்றால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அவன் வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடி இரண்டு மாதமாகிறது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் சொல்லவே வாய் வரவில்லை. 'மொதலாளிக்குக் கை டைட்டு, சம்பளம் லேட்டாகும்' என்று ஒரு புளுகு புளுகி வைத்திருந்தான். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு சைக்கிளில் கிளம்புவான். தெரிந்தவர் கண்ணில் படாமல் கிரிவலப் பாதையில் மரத்தடி மரத்தடியாகப் பொழுதைத் தள்ளுவான். சும்மா இருப்பதில் இத்தனை அசதியா! பத்தொன்பது வருஷம் நின்ற காலில் சேலை பிரித்துப் போட்டபோதுகூட உடம்பு இப்படி விட்டுப்போனதில்லை.

மத்தியானச் சாப்பாடு எப்போதும் கடையில்தான் என்பதால் டிபன் பாக்ஸ் தொல்லை இல்லை. அடி அண்ணாமலையில் ஒரு மடத்தில் தினமும் அன்னதானம். காவி வேட்டிகளுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு பந்தியில் உட்கார்ந்துவிடுவான். இன்றைக்கும் சாம்பார், கூட்டு என்று வயிறாரச் சாப்பிட்டுத்தான் வந்திருந்தான். இவள் தோலைத் தின்னும்போது நான் மட்டும் இப்படியா என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ரொம்ப ஓஞ்சி போயிருக்கீங்களே. கடையில கூட்டமா?"

"கல்யாண சீசனாச்சே. உக்கார நேரமில்ல."

அருணாதேவியும் ஓய்ந்துதான் தெரிந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எதிரே உட்கார்ந்தாள்.

துவையலைப் பிசைந்துகொண்டே முருகவேல் அடுப்படிப் பக்கம் பார்த்தான். மூலையில் ஒரு பை நிறையத் தண்டும் தோலும். திடீரென்று உறைத்தது. ஒரு மாதமாகத் தட்டில் தோல் வருகிறது, தண்டு வருகிறது. ஒரு துண்டு காயைக் கண்ணால் பார்த்தோமா?

"ஏய் அருணா, தோலு இவ்ளோ இருக்குதே, காய் எங்க போவுது? வேங்கிக்கால்ல உங்கக்கா வூட்டுக்கா?"

இந்த முறை கோபம் நிஜமாகவே வந்திருந்தது.

"எங்கக்காவ ஏன் இழுக்கறீங்க? ஒரு மாசமா அடி அண்ணாமலை மடத்துல காய் நறுக்கப் போறேன். தோலும் தண்டும் குப்பைக்குத்தான் போவும். கேட்டு எடுத்தாந்துடறேன்."

வாய்க்குப் போன கவளம் அப்படியே நின்றது.

"பந்தியில பரிமாறவும் கூப்பிட்டாங்க. என்னைப் பாத்தா பாதி சாப்பாட்டுல எழுந்துடுவீங்கனு நான்தான் பின்கட்டுலயே இருந்துக்கறேன்னுட்டேன்" என்றவள், அவன் தட்டில் இன்னொரு உருண்டை துவையலை வைத்தாள். "காயத்தான் மத்தியானமே சாப்பிட்டுட்டீங்க. தோலையாவது என்கூட உக்காந்து திட்டாம சாப்பிடுங்க."